ஒரு லைனுக்கு ஒரு மூடி

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குள் ஒரு பொம்பளை காப்பியை ஊற்றிவிட்டாளாம். அன்றிலிருந்து பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்து, யார் யாரைக் கூப்பிட்டாலும் என்கேஜ்டு சத்தமே போட்டதாம். அதனால்தான் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினில் ஒருத்தனுடைய விரல் போனதாம். வெள்ளக்கடை பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டு வந்ததை, அந்த ஊரிலேயே குடியிருக்கும் என் அக்கா ஞானசுந்தரி கேட்டு, கேட்ட மாதிரியே எனக்கு எழுதியிருந்தாள். 1997 பிப்ரவரியில் அந்தக் கடிதம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பொம்பளையின் பெயர் தேவகுமாரி. அவர் காப்பி குடிக்கவே மாட்டார்.

குடிக்க மாட்டார் என்றால் விரதம் எதுவும் இல்லை. அருவருப்பு. அவர் வேலை பார்த்த டெலிபோன் ரூம் பல்ப்பர் வீட்டுக்குக் காற்று வாட்டத்தில் இருந்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் பழத்தோலை அங்கே குன்றாகக் குவிப்பார்கள். அது புளித்து, கறுத்து, ஈ மொய்த்து, அதன் சாறு வாய்க்காலில் இறங்கிக் குட்டையில் நிற்கும். அந்த நாற்றத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். எனக்கு முதல் தடவை ஆபீஸிலிருந்து காப்பி வந்தபோது தேவகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, அந்தக் குட்டைத் தண்ணியில வாய் கொப்பளிப்பீங்களா?”

“சே, என்னக்கா.”

“அப்பறம் அதோட கொட்டைய மட்டும் எப்பிடிங்க வறுத்துக் குடிக்கிறீங்க? எனக்குச் சுடுதண்ணி போதுஞ்சாமி.”

அவர்தான் பெட்டிக்குள் காப்பியை ஊற்றினாராம். அந்தப் பெட்டியை நான் அறிவேன். அதன் உள்ளே ஓடிய புரோகிராமை எழுதியவன் நான்.

தேவகுமாரி அதே எஸ்டேட்டின் லைன் வீட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், 1958இல் பிறந்தவர். அப்பா ஆரோக்கியதாஸ் எஸ்டேட் லாரி ஓட்டினார். அம்மா பழம் பறித்தார். மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது தமிழும் இங்கிலீஷும் திக்காமல் வாசிப்பார், குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலுக்காகவே 1978இல் அவரை டெலிபோன் ரூமில் உட்கார வைத்தார்கள். கல்யாணம் நடந்தது. கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், திரும்பவில்லை. யாராவது விசாரித்தால், “அந்த லைன் டெட்டுங்க” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு இடுப்பு விழுந்த பிறகு, மத்தியானம் ஒரு நடை லைன் வீட்டுக்குப் போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவார். டெலிபோன் ரூமிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்ததால் அது முடிந்தது. வேலை போனால் அந்த வீடும் போய்விடும். எஸ்டேட்டில் எல்லாருக்கும் உள்ள சட்டம் அது.

அப்போது கயிறு செருகும் பழைய போர்டு. பங்களா, ஆபீஸ், பல்ப்பர், களம், மருந்து ரூம், ஸ்டோர் என்று பன்னிரண்டு லைன். வெளியூருக்கு ஒன்று. மத்தியானம் தேவகுமாரி வீட்டுக்குப் போகும் அரை மணி நேரம் கணக்கு எழுதும் ரைட்டர் பொன்னுவேல் போர்டில் உட்காருவார். எந்த லைனில் பேச்சு ஓடுகிறது என்று தெரியாமல், பேசிக்கொண்டிருப்பவர்களின் கயிற்றைப் பிடுங்கிவிடுவார். பங்களா துரையம்மாவின் பேச்சே இரண்டு தடவை அறுந்தது. திட்டு தேவகுமாரிக்கு விழுந்தது. அதற்கு அவர் ஒரு வழி செய்தார்.

ஒரு பலகை. அதில் ஐந்து வரிசை ஆணி. ஒவ்வொரு வரிசைக்கும் சாக்குக்கட்டியால் ஒரு பெயர்: சும்மா இருக்குது, நம்பர் சொல்றாங்க, மணி அடிக்குது, பேசறாங்க, ஒருத்தர் வெச்சுட்டாரு. சோடா மூடிகளில் ஓட்டை போட்டு, பெயின்டில் லைன் பெயரை எழுதி மாட்டினார். மூடி எந்த ஆணியில் தொங்குகிறதோ அதுதான் அந்த லைனின் நிலை. பொன்னுவேல் கயிற்றைத் தொடும் முன்னால் பலகையைப் பார்த்தால் போதும். பிறகு ஒரு பேச்சும் அறுந்ததில்லை.

பத்து வருடம் கழித்து அந்தப் பலகையைப் பார்த்து நான் சிரித்தேன். “என்னக்கா இது, சோடாக் கடையா?”

“சிரிங்க. ஒரு லைனுக்கு ஒரு மூடிதான். ஒரு மூடி ரெண்டு ஆணியில தொங்குமாங்க தம்பி? தொங்காதுல்லொ. அதனால எனக்குக் கொழப்பமில்லீங்க.”

என் பெட்டியில் தொங்கியது.

1991இல் சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனி அந்த எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சைச் செய்தது. ஒரு முதலாளி, நான்கு மேஜை, இஞ்சினியர் என்று நான். எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு லைன் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நான் ஒரே இடத்தில் எழுதி வைக்கவில்லை. கொடிகளாக வைத்தேன். மணி அடிக்கிறதா, ஒரு கொடி. பிசியா, ஒரு கொடி. ரிசீவர் தூக்கியிருக்கிறதா, இன்னொன்று. ஏற்றினால் ஆம், இறக்கினால் இல்லை. இப்படி ஒரு லைனுக்குப் பதினொரு கொடி. பதினொரு கொடிகள் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு விதமாக ஏறி இறங்கலாம். அதில் அர்த்தமுள்ளவை ஐந்தே ஐந்து, தேவகுமாரியின் ஐந்து ஆணிகள். மீதி இரண்டாயிரத்துச் சொச்சமும் பேச்சும் இல்லாத மௌனமும் இல்லாத அரைகுறை நிலைகள். அவற்றில் ஏதாவது ஒன்றில் லைன் போய் விழுந்தால் எடுப்பார் இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது என்று எழுத ஆசைதான். அரைகுறையாகத் தெரியும். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

பெட்டியை மாட்டிவிட்டு தேவகுமாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் தானாக நடக்கும், வெளி லைன் வந்தால் மட்டும் அவர் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று கேட்டார்.

“மணி அடிச்சுட்டு இருக்கறப்பவே கூப்புட்டவங்க வெச்சுட்டா என்னாகுங்க?”

“நடுவில் யார் அக்கா வைக்கப் போகிறார்கள்?”

“அட, எல்லாருந்தானுங்க!”

அங்கேயிருந்த பொன்னுவேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எஸ்டேட் முழுக்க டெலிபோனை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். பேசுவதற்கு அல்ல. ஒரு மணி அடித்து வைத்தால் எடை போட ஆரம்பித்தாயிற்று, பழக்கூடைகளைக் கொண்டு வரலாம். இரண்டு என்றால் லாரி கிளம்பிவிட்டது. மருந்து ரூமுக்கு மூன்று மணி அடித்தால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது, கம்பவுண்டர் பெட்டியோடு ஓடிவர வேண்டும். ரிசீவரை யாரும் எடுப்பதில்லை. பழப்பிசின் ஒட்டிய ஈரக்கையால் தொட்டால் பொன்னுவேல் திட்டுவார். ஒரு நாளைக்கு நூறு தடவை மணி அடிக்கும், எண்பது தடவை யாரும் பேச மாட்டார்கள்.

நான் திரும்பி சேலத்துக்குப் போய் அந்த இடத்தை முதலிலிருந்து எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்னொரு கொடியைச் சேர்த்தேன். பன்னிரண்டாவது.

அதற்கப்புறம் மாதம் ஒரு தடவையாவது தேவகுமாரி கூப்பிடுவார். “தம்பி, மருந்து ரூமு மறுக்கா ஒறைஞ்சு போச்சுங்க.” ஆள் யாரும் பேசவில்லை, ரிசீவர் கீழேதான் இருக்கிறது, ஆனால் யார் கூப்பிட்டாலும் என்கேஜ்டு. நான் புரோகிராமை ஒட்டுப்போட்டு, சிப்பில் ஏற்றி, பஞ்சில் பொதிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வருவேன், சிப்பின் கால் வளைந்துவிடுமோ என்று. பதின்மூன்றாவது கொடி. பதினான்காவது. ஒவ்வொன்றும் முந்தையதன் அழுக்கை மூடுவதற்கு. பல நாள் பாத்திரத்தைக் கழுவாமல் அதன்மேல் இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்க்கிற மாதிரி. இன்று அந்தத் தாள்களைப் பார்த்தால் கையைக் கழுவத் தோன்றுகிறது.

கடைசியாக நான் போட்ட ஒட்டு இது: மணி அடிக்கும்போது கூப்பிட்டவர் வைத்துவிட்டு லைன் உறைந்து நின்றால் முப்பது விநாடி பார்த்துவிட்டு லைனைத் தானாக விடுவி. எங்கள் மேஜையில் சோதித்தோம், சரியாக வேலை செய்தது. முதலாளி தோளில் தட்டினார்.

தேவகுமாரி அந்தப் பலகையை எடுத்தெறியவில்லை. பெட்டி வந்த பிறகும் ஓய்ந்த நேரத்தில் மூடிகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, பெட்டி என்ன செய்கிறது என்று வேவு பார்த்தார். 1993இல் ஒரு நாள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். கோயில் காலண்டரின் ஜூன் மாதத் தாள். பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். இடப்பக்கம் அவருடைய ஐந்து நிலைகள். மேலே, நடக்கக்கூடியவை: கூப்பிட்டவர் எடுக்கிறார், கூப்பிட்டவர் வைக்கிறார், அந்தப் பக்கம் எடுக்கிறார், அந்தப் பக்கம் வைக்கிறார், கரண்ட் போகிறது. இருபத்தைந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அப்படி நடந்தால் மூடி எந்த ஆணிக்குப் போக வேண்டும் என்று பென்சிலில். இருபத்து நான்கு நிரம்பியிருந்தது. ‘மணி அடிக்குது’ வரிசையில் ‘கூப்பிட்டவர் வைக்கிறார்’ என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

“இந்த ஒரு எடத்துல உங்க பெட்டி ஒரு நேரத்துக்கு ஒரு மாதிரி பண்ணுதுங்க. சும்மா இருக்குற ஆணிக்குத்தானே போகணும்? போக மாட்டேங்குது. வெச்சதுக்கப்பறம் வேற ஆரும் தொடாம இருந்தா நாப்பது எண்ணறதுக்குள்ள சரியாயிருது. ஊடால ஆராச்சும் அடிச்சா மறுக்கா ஒறைஞ்சுக்குது. கொஞ்சம் பாருங்க தம்பி.”

“பார்க்கிறேன்க்கா.”

“பாக்கறேனுட்டு மடிச்சு வெச்சுக்காதீங்க. நொம்ப நாளா கோடு போட்டனுங்க.”

மடித்துத்தான் வைத்தேன். சேலத்தில் முதலாளி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னய்யா, பாண்டி ஆடறதுக்குக் கட்டம் போட்டிருக்குதா அந்தப் பிள்ளை?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். அந்த வட்டக்கறை இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது.

நான் பார்க்காததால், தேவகுமாரி தன்னால் ஆனதைச் செய்தார். ஒவ்வொரு டெலிபோனுக்கும் மேலே ஓர் அட்டையை ஒட்டினார்: ‘என்கேஜ்டு வந்தால் மறுபடி அடிக்க வேண்டாம். வைத்துவிட்டு நாற்பது எண்ணவும். தேவகுமாரி.’ எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

1995 டிசம்பரில் ஒரு மத்தியானம். பழம் உச்சத்தில் இறங்கிய நேரம். பொன்னுவேல் எடையை ஆரம்பித்துவிட்டு வழக்கம்போல எல்லா லைனுக்கும் வரிசையாக ஒரு மணி அடித்து வைத்தார், மருந்து ரூமுக்கும். அதே நேரத்தில் பல்ப்பரில் அடைத்துக்கொண்ட தோலை எடுக்கக் கை விட்ட சின்னனின் வலக்கை உள்ளே இழுபட்டது. கூட நின்ற மாதப்பன் மெஷினை நிறுத்தப் பெல்ட்டைத் தள்ளிவிட்டு டெலிபோனுக்குப் பாய்ந்தார். மருந்து ரூமுக்கு அடித்தார். என்கேஜ்டு. உடனே மறுபடி அடித்தார். என்கேஜ்டு. மறுபடி. மறுபடி.

தேவகுமாரிக்குப் பெட்டிக்குள் ரிலே சுவிட்ச் படபடவென்று தட்டுவது கேட்டது. ஒரே லைனை யாரோ விடாமல் அடிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பல்ப்பர் வீட்டுக்கு ஓடினார். வாசலிலிருந்தே கத்தினார்.

“மாதப்பண்ணே, அடிக்காதீங்க! வெச்சுட்டு எண்ணுங்க!”

“இங்க கையி போயிருச்சு, எண்ணச் சொல்றியா நீயி?”

“நீங்க அடிக்க அடிக்க அது தொறக்காதுங்கண்ணே!”

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. மேட்டில் இருந்த மருந்து ரூமுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். கம்பவுண்டரோடு திரும்பி வருவதற்குள் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. ரத்தம் நிறையப் போயிருந்தது. சின்னன் பிழைத்தார். மூன்று விரல் பிழைக்கவில்லை. சீக்கிரம் கட்டுப் போட்டுக் கீழே கொண்டு வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று சேலத்து டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து நான் பெட்டியைப் பார்க்க வந்தேன். திறந்தேன். தூசியும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. ஒரு சொட்டு ஈரமில்லை, காப்பி இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். தேவகுமாரி பக்கத்தில் நின்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் இறங்கிக் கேட்டேன்.

“தம்பி, நாங் குடுத்த தாளு என்னாச்சுங்க?”

“பார்த்துக்கொண்டிருக்கிறேன்க்கா.”

“செரி,” என்றார். பலகையிலிருந்து மருந்து ரூம் மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அதை எந்த ஆணியிலும் மாட்டவில்லை.

எஸ்டேட் நிர்வாகம் அறிக்கை கேட்டது. எனக்கு அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் பயணம். லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை, விசா வந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நம்ம பெட்டியில தப்புன்னு எழுதினா மத்த எஸ்டேட் ஆர்டரெல்லாம் புட்டுக்கும். அந்தப் பிள்ளை எல்லாரையும் அடிக்காதீங்கன்னு கத்துனதா பத்துப் பேரு சொல்றாங்க. அட்டை வேற எழுதி ஒட்டியிருக்குது. இதுக்கு மேல என்ன வேணும்? உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமே. எழுதிக் கையெழுத்தைப் போட்டுட்டுக் கெளம்பு கண்ணு. பிளேன் பறந்துரும்.”

எழுதினேன். கருவியில் குறை எதுவும் காணப்படவில்லை. மணி அடித்துவிட்டு வைக்கும் முறையற்ற பழக்கத்தை டெலிபோன் பணியாளர் தடுக்கவில்லை. அதோடு, அவசர நேரத்தில் தொலைபேசியைப் பயன்படுத்த வேண்டாம் என்று தொழிலாளர்களுக்குத் தன்னிச்சையாக அறிவுறுத்தினார். நல்ல இங்கிலீஷ். ஒரு கமா கூட இடம் மாறவில்லை. அதை எழுதிவிட்டு ஹோட்டலுக்குப் போய் இரண்டு தோசை தின்றேன். இதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் மற்ற எல்லாவற்றையும் விட வெறுப்பு வருகிறது: பசித்தது.

மார்ச்சில் தேவகுமாரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவைக் கட்டிலோடு டிராக்டரில் ஏற்றி வெள்ளக்கடைக்குக் கொண்டு போனார்களாம். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. பகலில் பக்கத்து எஸ்டேட்டில் பழம் பொறுக்குகிறார் என்று அக்கா எழுதினாள். அந்த நாற்றத்துக்குள்ளேயே, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு.

ஜூனில் தேவகுமாரியிடமிருந்தே எனக்கு ஒரு கடிதம் வந்தது. முகவரியை அக்காவிடம் வாங்கியிருக்கிறார். நான்கே வரி.

‘தம்பிக்கு. அந்தக் காகிதத்தின் நகலைக் கொடுத்தார்கள். படித்தேன். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. அதில் உள்ள கையெழுத்து உங்களுடையதுதானா என்று மட்டும் தெரிவிக்கவும். தேவகுமாரி.’

நான் பதில் எழுதவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டேன். எட்டு மாதம். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதன் மேல் வேறு எதையாவது எடுத்து வைத்தேன்.

ஜெர்மனியில் என் வேலை லிஃப்ட் கதவுகளுக்குப் புரோகிராம் எழுதுவது. இங்கே கொடிகளை அனுமதிக்க மாட்டார்கள். கதவுக்கு ஒரே நிலைதான்: திறந்திருக்கிறது, மூடுகிறது, மூடியிருக்கிறது, திறக்கிறது, கோளாறு. இடப்பக்கம் நிலைகள், மேலே நிகழ்ச்சிகள், நடுவில் கட்டங்கள். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. எது நடக்கவே நடக்காது என்று நினைக்கிறோமோ அந்தக் கட்டத்திலும் என்ன செய்வது என்று எழுதியாக வேண்டும். புரோகிராம் அந்தத் தாளைப் பார்த்து நடக்கும். பிறகு ஏதாவது மாற வேண்டுமென்றால் கட்டத்தை மாற்றினால் போதும், நாளைக்கு வருகிற எவனும் அதைப் படித்துப் புரிந்துகொள்வான். முதல் நாள் அந்தத் தாளை என் முன் வைத்தபோது எனக்கு அது எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அக்காவின் கடிதம் வந்த அன்று மாலையே என் துணிப்பெட்டியின் அடியில் கிடந்த என் பழைய புரோகிராம் தாள்களை எடுத்தேன். பெருமைக்காக ஊரிலிருந்து கொண்டுவந்தவை. நடுவில் காலண்டர் தாள் மடிந்து கிடந்தது, டீக்கறையோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவருடைய கேள்விக்குறி இருந்த கட்டத்துக்கு என் புரோகிராம் என்ன செய்கிறது என்று விரல் வைத்துக்கொண்டே போனேன். இருபது நிமிடம் ஆயிற்று. இருபதே நிமிடம்.

மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போது வைத்தால் என் புரோகிராம் லைனை உடனே விட்டுவிடும். இரண்டு மணிகளுக்கு நடுவில் உள்ள மௌனத்தில் வைத்தால் விடாது. பிசிக் கொடி ஏறியபடியே நிற்கும், முப்பது விநாடி. அதற்குள் யாராவது அந்த லைனைக் கூப்பிட்டால் முப்பதும் திரும்ப முதலிலிருந்து. சேலத்து மேஜையில் நாங்கள் மணிச்சத்தம் கேட்டவுடனே வைத்தோம், கேட்டுவிட்டதே என்று. எஸ்டேட்டில் மணி முழுசாக அடித்து ஓய்ந்த பிறகே வைத்தார்கள். ஒன்றா இரண்டா மூன்றா என்று கேட்பவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே. நூறு தடவையில் நூறும் அந்த மௌனத்தில்தான்.

அதனால் பொன்னுவேலின் அந்த ஒற்றை மணி மருந்து ரூமைப் பூட்டியது. மாதப்பன் பதறிப் பதறி அடித்த ஒவ்வொரு தடவையும் அதை இன்னொரு முப்பது விநாடி பூட்டியது. நாற்பது எண்ணச் சொன்ன தேவகுமாரி ஒருவர்தான் அந்த எஸ்டேட்டிலும் எங்கள் கம்பெனியிலும் சேர்த்து அந்தப் பெட்டியைப் புரிந்துகொண்டிருந்தவர். அவரைத்தான் நான் நல்ல இங்கிலீஷில் குற்றவாளி ஆக்கினேன். இப்போது பஸ்ஸில் அவர் கையில் ஒரு காப்பி டம்ளரையும் கொடுத்துவிட்டார்கள். என் பொய் மெலிவாக இருந்தது போலிருக்கிறது, ஊர் அதற்குச் சதை வைத்திருக்கிறது. த்தூ.

அக்கா கடிதத்தின் கடைசியில் இதையும் எழுதியிருந்தாள்: ‘தேவகுமாரி வேலையைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். பிப்ரவரி 27, வியாழக்கிழமை, சேலத்தில் விசாரணை. அவருக்கு எதிராக இருப்பது உன் காகிதம் ஒன்றுதானாம். வக்கீல், அதை எழுதியவனே மறுத்தாலொழிய ஒன்றும் ஆகாது என்று கைவிரித்துவிட்டார். தோற்றால் அவர் அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பார் என்று தெரியவில்லை, இந்த அறையையும் காலி செய்யச் சொல்கிறார்கள். அவர் அறைக்குப் பக்கத்து வீட்டில் கமலா என்பவள் டெலிபோன் பூத் வைத்திருக்கிறாள். கூப்பிட்டால் ஆளை அனுப்பிக் கூட்டி வருவாள்.’ கீழே நம்பர்.

மறுப்பை எழுதிவிட்டேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. குறை என் புரோகிராமில் இருந்தது. அதை 1993இலேயே எழுத்தில் சுட்டிக்காட்டியவர் தேவகுமாரி. அவர் ஒட்டிய அட்டை சரியான அட்டை. 1996 ஜனவரி அறிக்கை பொய், பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன். புரோகிராமின் அந்தப் பக்கத்தையும் காலண்டர் தாளையும் நகல் எடுத்துக் கூட வைத்தேன். இங்குள்ளவர்கள் இதை அறிந்தால் ஒரு லிஃப்ட் கதவையும் என்னை நம்பி விடமாட்டார்கள். அறியட்டும். தபாலில் போட்டால் வியாழனுக்குள் சேராது. ஃபேக்ஸில்தான் அனுப்ப வேண்டும். வக்கீலின் ஃபேக்ஸ் நம்பர் தேவகுமாரிக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று சனிக்கிழமை. இங்கே காலை ஏழு, அங்கே பதினொன்றரை. கமலாவின் பூத்துக்கு அடித்தேன். லைன் கிடைத்துவிட்டது, ஒரே தடவையில். மணி அடிக்கிறது. இரட்டை மணி, பிறகு மௌனம். கமலா கடைக்குப் பின்னால் போயிருக்கலாம். தேவகுமாரி பழம் பொறுக்கப் போயிருக்கலாம். இல்லை, பூத்துக்குள்ளேயே யாராவது நின்று, அடித்து வைப்பார்கள், எதற்கு எடுப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒன்று என்றால் எடை. இரண்டு என்றால் லாரி. மூன்று என்றால் அடிபட்டிருக்கிறது, ஓடி வா.

மூன்று தாண்டிவிட்டது. ஒன்பது, பத்து. ஒவ்வொரு மௌனத்திலும் என் கை ரிசீவரை இறக்கப் பார்க்கிறது. இந்த மௌனத்தில் மட்டும் வைத்துவிடக் கூடாது. மணி மறுபடி அடிக்கிறது. பதினொன்று. இன்னும் யாரும் எடுக்கவில்லை.